பிள்ளைகள் பேரைச் சொல்லுங்கள்

பல் செட்டு கட்டுவதில் பேச வைத்துப் பார்ப்பதுதான் பெரிய பாடு. மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் வைத்துவிட்டு, ஏதாவது பேசுங்கள் என்றால் ஆட்களுக்குப் பேச்சே வராது. ஊர்வம்பு பேசியே பொழுதைக் கழிக்கிறவர்கூடப் புதுப் பல்லோடு கண்ணாடியைப் பார்த்ததும் ஊமையாகிவிடுவார். சிலர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எண்ணும்போது உதடு விறைத்துக்கொள்ளும். அதை வைத்துப் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதனால் எங்கள் பட்டறையில் மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்.

"பிள்ளைங்க பேரைச் சொல்லுங்க."

எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் பிள்ளை பேரைச் சொல்லும்போது வாயை இயல்பாகத் திறப்பார் என்பது அவர் கண்டுபிடிப்பு. பிள்ளை உதவாக்கரையாக இருக்கலாம், வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், அந்தப் பேர் வாயில் வருகிற நேரம் முகம் இளகிவிடும். பிள்ளை இல்லாதவர்களிடம் சின்ன வயதில் கூட விளையாடியவர்கள் பேரைக் கேட்பார். அதுவும் வேலை செய்யும்.

மாஸ்டர் என் அப்பா. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன் பாருங்கள். இந்த மூன்று வார்த்தையை ஒரு நீதிபதி நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிச் செருப்பைத் தேய்த்தேன்.

ஊரில் எங்களைச் சின்ன வீடு என்பார்கள். நியாயமான பேர்தான். கீழே பட்டறை. மேலே ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில், அதிலேயே என் படிப்பு. பெரிய வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே மாஸ்டரின் மனைவியும் மகனும். அம்மா பட்டறைக்கு மெழுகு வேலைக்கு வந்தவள். மெழுகில் ஈறு செதுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலைக்கு வந்தவள் மாடியிலேயே தங்கிவிட்டாள், நானும் பிறந்தேன். இரண்டு பேரும் தங்களுக்குள் என்ன பேசி வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "மெழுகு ஆறிடும், வேலையைப் பாரு" என்பாள் அம்மா.

நான் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். பட்டறையில் வாய் தவறி அப்பா என்று வந்துவிடக் கூடாது என்பதற்காக மாடியிலும் மாஸ்டர்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மரியாதையை நம்பியே நாங்கள் காலத்தை ஓட்டினோம்.

என் பிறப்பைப் பதிந்தபோது தகப்பன் பேர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். ஸ்கூலிலும் அதே கோடு. "புதன்கிழமை நானே போய் எழுதிட்டு வந்துடறேன்" என்றாராம் மாஸ்டர். அவருக்கு எல்லாமே புதன்கிழமை. யார் பல் கேட்டு வந்தாலும், "புதன்கிழமை வாங்க, பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது" என்று அனுப்பிவிடுவார். வந்தவர் அடுத்த புதனும் வருவார், அதற்கடுத்த புதனும் வருவார். ஒருவழியாகப் பல் கிடைத்துவிடும். எங்களுக்குத்தான் அந்தப் புதன்கிழமை வரவே இல்லை. பட்டறையையும் மாடி அறையையும் என் பேருக்கு எழுதி வைக்கிறேன் என்று சொன்னதும் அப்படித்தான் போனது. கடைசியில் அவர் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன். பாலிஷ் மிஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் மனசார, வாயாரத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே நாக்கு என் முன்பல்லில் போய் நிற்கும். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு அந்தப் பல்லை உடைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்களை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், எனக்கு ஒரு பல் செய்து வைத்தார். அவர் வாழ்நாளில் புதன்கிழமைக்குத் தள்ளிப்போடாத ஒரே வேலை அது. அப்புறம் எப்படித் திட்டுவது?

அவருக்கும் வயதானது. ஊருக்கெல்லாம் பல் கட்டியவர் வாயிலும் ஒன்றொன்றாகப் பல் போனது. செட்டை நான்தான் கட்டினேன். அளவெடுத்து, பிளாஸ்டர் மாவு ஊற்றி, அச்சைப் பிரித்தபோது, அவர் மேல்வாயின் நடுவே ஒரு மேடு இருந்தது. பாதிக் கடலைப் பருப்பு அளவுக்கு. என் நாக்கு தானாகப் போய் என் மேல்வாயைத் தொட்டது. எனக்கும் அதே இடத்தில் அதே மேடு. அந்த மாவு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மெழுகுப் பல்லை வைத்துப் பார்க்கிற அன்று அவர் மனைவியும் கூட வந்தார். மாஸ்டருக்கு அப்போது தலைசுற்றல். தனியாகத் தெருவில் நடக்கவிட பயம். அந்த அம்மா சுவரோரமாக பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் அம்மா ஈறு செதுக்கிக்கொண்டிருந்தாள். நான் பல்லை வைத்தேன், கண்ணாடியைக் கொடுத்தேன், எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகிய வாய் யோசிக்காமல் கேட்டுவிட்டது.

"பிள்ளைங்க பேரைச் சொல்லுங்க மாஸ்டர்."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. திரைக்குப் பின்னால் செதுக்குகிற கத்தி நின்றது. மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தபடியே மகன் பேரைச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் என் பேரைச் சொன்னார்.

என் பேர் பல் செட்டுக்காரர்களுக்கு லேசான பேர் இல்லை. இரண்டு இடத்தில் 'ஸ' மாதிரி எழுத்து வரும். பல் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் விசில் அடிக்கும். எனக்கு அந்தப் பேரை வைத்தவரும் அவர்தான். அன்றைக்கு அது விசில் இல்லாமல், முழுசாக வந்தது. பெஞ்சிலிருந்த அந்த அம்மா கைப்பையின் வாரைச் சரி செய்துகொண்டே, "கீழ்ப்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு, பாத்துக்கோ" என்றார். நானும் கீழ்ப்பல்லைப் பார்த்துக்கொண்டேன்.

மாஸ்டர் போய்ச் சில மாதங்களில் அவர் மகன் பட்டறைக்கு வந்தான். என்னைவிடச் சின்னவன். எல்லோரையும் போல அவனும் என்னை அக்கா என்பான், நானும் தம்பி என்பேன். யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம், அந்த ஒரு வசதி எங்களுக்கு இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கட்டடத்தை வித்துடலாம்னு இருக்கோம். நீங்க வேற இடம் பாத்துக்கணும்."

"மேல அம்மா இருக்காங்க தம்பி."

"தெரியும் அக்கா" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியைப் பார்க்காமல் போனான்.

எனக்கு முழுக் கட்டடமும் வேண்டாம். பட்டறையும் அந்த ஓர் அறையும் போதும். அம்மாவுக்கு அந்த அறையை விட்டால் உலகம் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அதில் நடமாடுவாள். வேறு இடத்தில் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தடவுவாள். இன்னொன்றும் வேண்டும். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடு இருக்கிற இடத்தில் எனக்கு ஒரு பேர் வேண்டும்.

நான் போய்ப் பார்த்த வக்கீலம்மா என்னைவிட இளையவர். சிரிக்காமல் பேசுவார். அவர் ஆபீஸில் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள்.

"கல்யாணம் இல்லாம பொறந்த பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஆனா தகப்பன் யாருன்னு நிரூபிக்கணும். உடம்பை எரிச்சாச்சு. டி.என்.ஏ. டெஸ்ட்டுக்குத் தம்பிகிட்ட ரத்தம் கேட்டோம், முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டார். அவரைக் கட்டாயப்படுத்த சட்டத்துல இடமில்ல."

நான் மேல்வாய் மேட்டைப் பற்றிச் சொன்னேன். மாவு அச்சையும் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். வக்கீலம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கன்னம் ஒரு பக்கம் அசைந்தது. நாக்கால் தடவிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"எனக்கும் இருக்குங்க" என்றார்.

அத்தோடு என் சாட்சி எண் ஒன்று போயிற்று. அச்சைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டேன்.

"இன்னொரு வழி இருக்கு. அவர் உயிரோட இருக்கும்போது, 'இது என் பிள்ளை'ன்னு அவர் வாயால சொல்லிக் கேட்ட சாட்சி வேணும். உங்க அம்மா சொன்னா, சொத்துக்காகச் சொல்றாங்கன்னு தள்ளிடுவாங்க. வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"கேட்டிருக்காங்க."

"யாரு?"

"அவர் பொண்டாட்டி."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் துணி உலர்வதைப் பார்த்தார்.

"எதிராளி வாயாலயே வந்துட்டா அதுக்கு மேல சாட்சியே வேண்டாம்தான். வருமா?"

வரும் என்று நான் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா ஒருநாளும் எங்களை நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைத்தெருவில் அம்மாவைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார், காறித் துப்பமாட்டார். அதை வைத்து நான் ஒரு கோட்டையே கட்டிக்கொண்டிருந்தேன்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு கார் நின்றது. தம்பி இறங்கி, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினான். அவர் வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். மாஸ்டர் எப்போதோ கட்டிக் கொடுத்த செட்டு இரண்டாக உடைந்திருந்தது. துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுத் தம்பி கொண்டுவந்திருந்தான்.

"ரெண்டு இடத்துல புதுசா கட்டிப் பாத்தோம் அக்கா. உக்காரவே இல்ல. வாயெல்லாம் புண்ணு. அம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்க." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அடுத்த மாசம் கோர்ட்ல வேற இவங்க பேசணும்."

அந்த அம்மா கைக்குட்டையை எடுத்தார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது சும்மா இல்லை. கன்னம் உள்ளே ஒட்டி, வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"அதுக்குத்தான் பல்லு. இவ கட்டுவா."

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்று உயர்ந்தது.

"உங்களுக்கு எதிரா பேசறதுக்கு நீங்களே பல்லு கட்டிக் கொடுக்கப் போறீங்களா? புத்தி இருக்கா உங்களுக்கு?"

"வாயைத் தொறந்தாத்தானே உண்மையும் வரும் வக்கீலம்மா."

"பொய்யும் அந்த வழியாத்தான் வரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நடுக்கம் வந்தபிறகு அவள் வேலை செய்வதையே விட்டிருந்தாள்.

"வாய் வெந்து வந்திருக்கா. கட்டிக் கொடு" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஈறு நான் செதுக்கறேன்" என்றாள்.

அந்த அம்மாவை நான் அதுவரை தொட்டதில்லை. எதிரே வந்தால் வழிவிட்டு நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது அவர் வாய்க்குள் என் விரல்கள். ஈறு வற்றி, கத்தி விளிம்பு போலாகியிருந்தது. இரண்டு பக்கமும் புண். அளவெடுக்கும்போது வலித்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டாரே தவிர முனகவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று என் மேல் எரிச்சல் வந்தது. இவர் மகன் என் அம்மாவைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறான், நான் இவருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் அந்தச் செட்டில் நான் கை சுணங்கவில்லை. பல்லின் நிறம் பொறுக்கவே ஒரு பகல் போனது. அம்மா நடுங்குகிற மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொரு பல்லடியாக ஈறு செதுக்கினாள். இடையிடையே கையை உதறிக்கொள்வாள். நான் செய்கிறேன் என்றால் முறைப்பாள்.

வைத்துப் பார்க்கிற அன்று தம்பி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். அம்மா திரைக்குப் பின்னால் இருந்தாள். மெழுகுப் பல்லை வைத்தேன். ஒட்டிக் கிடந்த கன்னம் நிரம்பி, பழைய முகம் திரும்பியது. கண்ணாடியைக் கொடுத்தேன்.

"பேசிப் பாருங்க."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏன், வழக்கமா கேக்கறதைக் கேளேன்."

கேட்டேன்.

"பிள்ளைங்க பேரைச் சொல்லுங்க."

மகன் பேரைச் சொன்னார். மாஸ்டர் நிறுத்தின மாதிரியே கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் என் பேரைச் சொன்னார். சுருக்கி இல்லை, முழுப் பேரையும். அவர் வாயால் என் பேரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். இரண்டு இடத்திலும் விசில் அடித்தது.

"காத்து போகுது" என்றார்.

பல்லைக் கழற்றி, மெழுகை விளக்கில் இளக்கி, முன்பல் இரண்டையும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளினேன். மறுபடி வைத்தேன்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னார். இன்னும் லேசாகக் காற்று போனது. மறுபடி கழற்றினேன், மறுபடி வைத்தேன், மறுபடி சொன்னார். கடைசியில் என் பேர் அவர் வாயிலிருந்து சுத்தமாக வந்தது. பழைய பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்த மாதிரி அவ்வளவு சுத்தம். நான் திரும்பி நின்றுகொண்டு, தேவையில்லாமல் பாலிஷ் மிஷினைத் துடைத்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

அம்மா திரையை விலக்கி வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஈறு நீ செதுக்கினதா?"

"ஆமா."

"தெரியுது" என்றார் அந்த அம்மா.

அப்பாவின் மூத்த மனைவியைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். அந்தச் செட்டுக்குப் பாலிஷ் போடும்போது மிஷின் சத்தத்தில் நான் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெரியம்மா, உறுத்துதா? பெரியம்மா, கடிச்சுப் பாருங்க. இந்த வயதில் ஒரு பெண் இப்படி ஒத்திகை பார்ப்பாளா என்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். கோர்ட்டில் கேள்வி வந்தால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவிடம்கூட, வேறு அறை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் காலி செய்யத் தயாராகக் கட்டி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியிருந்த பாத்திரங்களைத் திரும்பக் கீழே இறக்கி வைத்தாள்.

கோர்ட்டு அறையில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். நீதிபதிக்குக் காது மந்தம். ஒரு கையைக் காதில் குவித்துக்கொண்டு கேட்பார். அந்த அம்மா சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் நன்றாக இருந்தது. செட்டால் வந்த முகம் என்று யாரும் சொல்ல முடியாது.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை.

"உங்க கணவருக்குப் பல் செட் வச்சுப் பாத்த அன்னிக்கு, நீங்க பட்டறையில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பிள்ளைங்க பேரைச் சொல்லுங்கன்னு கேட்டப்ப, அவர் யார் யார் பேரைச் சொன்னாரு?"

நாற்காலி வரிசை அசைந்தது. நான்தான் அசைந்திருக்கிறேன். அந்த அம்மா மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாபகம் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்கு உங்க பையனைத் தவிர வேற பிள்ளை உண்டா இல்லையா?"

"அவருக்கு ஒரே வாரிசு. என் பையன்."

நீதிபதி காதில் கையைக் குவித்து, "என்ன சொன்னீங்க?" என்றார்.

"ஒரே வாரிசு" என்றார் அந்த அம்மா, இன்னும் உரக்க.

அறை முழுக்கக் கேட்டது. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது. எனக்கு அந்த நிமிஷம் முதலில் என்ன தோன்றியது என்று சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். விசில் இல்லை என்று தோன்றியது. 'வாரிசு' என்பதன் கடைசி எழுத்தில் கொஞ்சம்கூடக் காற்று போகவில்லை, பல் அப்படி உட்கார்ந்திருந்தது. என் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து நான் சரி செய்த பல் அது. அதற்கப்புறம்தான் நெஞ்சு வலித்தது. வெளியே எழுந்து வந்தேன். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன்.

அவர் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். தம்பி காரை எடுக்கப் போயிருந்தான். நான் எதிரே போய் நின்றேன். பெரியம்மா என்று கூப்பிட வாயெடுத்து, எதுவும் கூப்பிடாமல் கேட்டேன்.

"எம் பேரைச் சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அப்புறம் ஏன்?"

கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்ன முகம் போலவே இல்லை, களைத்த முகமாக இருந்தது.

"அவன் நான் பெத்தவன். நீ அவர் பெத்தவ. அவர் சொல்லியிருக்க வேண்டியதை என்னைச் சொல்லச் சொன்னா நான் எங்க போவேன்?" வாரை விரலில் சுற்றினார். "உன்னைப் பத்தி எங்கிட்ட உக்காந்து பேசணும்னு சொல்லிட்டே இருந்தாரு. புதன்கிழமை, புதன்கிழமைன்னே போயிட்டாரு. அன்னிக்குப் பல்லு வச்சுப் பாத்தப்ப சொன்னதுதான். அதுக்கு முன்னயும் சொல்லல, பின்னயும் சொல்லல."

கார் வந்து நின்றது. எழுந்திருக்கும்போது கன்னத்தைத் தொட்டுக்கொண்டார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் உறுத்துது."

"புதன்கிழமை வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எதையோ தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"செட்டு நல்லா உக்காந்திருக்கும்மா."

அம்மா பாத்திரங்களைத் திரும்ப அலமாரியின் மேல்தட்டில் ஏற்ற ஆரம்பித்தாள்.

தீர்ப்பு நாங்கள் எதிர்பார்த்தபடியே வந்தது. தகப்பன் ஒப்புக்கொண்டதற்கு நம்பத்தகுந்த சாட்சி இல்லை என்று வாசித்தார்கள். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீலம்மா. புதுச் சாட்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஊருக்கு வெளியே ஒரு மாடியில் ஓர் அறை கிடைத்தது. பட்டறையைக் காலி செய்ய ஆரம்பித்தோம். அலமாரி நிறைய மாவு அச்சுகள், பாதிப் பேர் செத்துப்போனவர்கள். அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். மாஸ்டர் அச்சை மட்டும் என் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். அவர் சொத்தில் எனக்கு வந்த பங்கு அது. யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

கிளம்புகிற வாரம், புதன்கிழமை, அந்த அம்மா வந்தார். தம்பி காரிலேயே உட்கார்ந்திருந்தான். சாக்குகளைத் தாண்டி மெதுவாக நடந்து வந்து, பழக்கப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் அலமாரி இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் உறுத்துது" என்றார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். இடது பக்க ஈறில் சிவந்த ஒரு புள்ளி. செட்டைக் கழற்றி, அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்து, கழுவி, திரும்ப வைத்தேன். கடித்துப் பார்க்கச் சொன்னேன். உறுத்தவில்லை என்று தலையாட்டினார்.

பேச வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கும் அது தெரியும். கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருந்தார். உதடு லேசாகப் பிரிந்து தயாராக இருந்தது. நான் கேட்டால் இரண்டு பேரையும் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் சொல்வார்.

"ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்றேன்.

கண்ணாடியில் அவர் கண் என்னைத் தேடியது. நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணினார். உதடு விறைத்துக்கொண்டுதான் இருந்தது.